ஓர் ஆளுக்கு ஏற்ற ஊர்

ஓய்வுக்காலத்துக்கு வெளிநாட்டில் ஊர் தேடுகிறவர்கள் முதலில் கடலைப் பார்க்கிறார்கள். அது பிழை. முதலில் சாப்பாட்டைப் பார்க்கவேண்டும், பிறகு வெயிலை. கடல் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நன்றி. என் பெயர் வெங்கடேஸ்வரன். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், தொடர்மாடியில் வீடு. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை பார்த்தேன். ஆட்குறைப்பு வந்தபோது ஐம்பத்திரண்டு வயதிலேயே விலகிக்கொண்டேன். கொட்டாஞ்சேனை நோபேட்டும் என்னோடு விலகினார். அதற்குப் பல காலம் முன்பிருந்தே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பேச்சு இதுதான்: எந்த ஊரில் போய் இருக்கலாம், எந்த ஊரில் கொஞ்சக் காசில் நிம்மதியாகச் சாப்பிடலாம். நோபேட் கோவா என்பார். நான் பினாங்கு என்பேன்.

பினாங்கு என் மனைவி ரமணியின் விருப்பம். அவளுடைய அண்ணன்மார் கனடாவுக்கு வரச் சொன்னபோது அவள் சிரித்தாள். "ஐஸுக்குள்ளை கிடக்கிறதுக்கோ இவ்வளவு காலமும் படிப்பிச்சனான்? வெயில் உள்ள இடமாப் பாருங்கோ, காணும்." எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கே போவதானாலும் இரண்டு பெட்டிதான்.

ரமணி கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். அவள் எனக்கு முன்பே ஓய்வு பெற்றாள். பெற வைத்தார்கள் என்று சொல்லவேண்டும். ஒரே கணக்கைப் பாடநேரம் முழுவதும் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்திருக்கிறாள். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லையாம். வைத்தியர் மூளையின் படத்தைக் காட்டினார். சில பேருக்கு இந்த வயதிலேயே வந்துவிடும் என்றார். "மற்றபடி உடம்பு நல்ல திடம். கனகாலம் இருப்பா," என்று எனக்கு ஆறுதலும் சொன்னார்.

அந்த ஆறுதல் எனக்குள் என்ன செய்தது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ளவேண்டும்.

அவள் கதவைத் திறந்துகொண்டு ரயில் தண்டவாளத்தில் போய் நிற்பாள். கதவைப் பூட்டினால் உள்ளேயிருந்து அடிப்பாள். நான் குளிப்பாட்டப் போனால் யாரோ அந்நிய ஆண் என்று கத்துவாள். மேல்மாடிக்காரர் இருமுறை வந்து கதவைத் தட்டினார்கள். அவளைப் பார்த்துக்கொள்ள ஹற்றனிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை அவளிடம் கையில் கடிபட்டு அழுதுகொண்டு போய்விட்டது. முதியோர் இல்லங்களில் கேட்டேன். அறுபது ஆகாதவர்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். சேர்க்கிற இடத்தில் பார்த்தபோது கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். அது மனிதத்தன்மை இல்லை. எனக்கு நித்திரை என்பது அற்றுப்போயிற்று. ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, நின்றபடியே தூங்கி, முழங்கையைச் சுட்டுக்கொண்டேன். இன்னொரு நாள் அவளுக்குச் சோறு தீத்தும்போது கை ஓங்கினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஐயா, அடிக்காதேங்கோ, நான் வீட்டை போறன்," என்றாள். என்னை அவள் அப்போது ஐயா என்றுதான் கூப்பிட்டாள். காவற்காரன், பஸ் கொண்டக்டர், அப்படி யாரோ ஓர் ஐயா. கணவன் என்ற நினைவே அவளுக்கு இருக்கவில்லை. இதை நீங்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ளவேண்டும்.

கீழ்வீட்டுக் கைருன்னிஸாவைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனுஷி. கணவன் மௌத்தான பிறகு தனியாக இருக்கிறார். ரமணி அவருடைய வீட்டில் மட்டும் அமைதியாக இருப்பாள்; அவர் பட்டாணிக் கடலை உடைக்கக் கொடுத்தால் உடைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் படியில் வைத்து அவர் சொன்னார்: "ஒங்கட மொகத்தப் பாக்க ஏலாம ஈக்கி. டீச்சர என்னோட வுட்டுடுங்க. நானும் தனியத்தானே ஈக்கிறன்." நான் மறுத்துவிட்டேன். அயலவர்களுக்குப் பாரம் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள்?

ஆகவே மறுபடி ஊர் தேடத் தொடங்கினேன். முன்பு இரண்டு பேருக்குத் தேடினேன். இப்போது ஓர் ஆளுக்கு.

ஓர் ஆளுக்குத் தேடும்போது எல்லாம் மாறிவிடுகிறது. பினாங்கு சரிவராது, அங்கே பாஷை வேறு. தமிழ் கேட்கவேண்டும். போர்வை இல்லாமல் படுக்கக்கூடிய வெப்பம் வேண்டும். காசில்லாமல் சோறு கிடைக்கவேண்டும், ஒருநாள் இரண்டுநாள் அல்ல, எப்போதும். சனக்கூட்டம் வேண்டும். புது முகத்தைக் கண்டு யாரும் கேள்வி கேட்காத ஊராக இருக்கவேண்டும். எங்களைத் தெரிந்த ஆட்கள் வந்துபோகாத ஊராகவும் இருக்கவேண்டும்.

கைருன்னிஸாவிடம் ரமணியைச் சில நாள் விட்டுவிட்டு, இந்தியாவுக்குப் போய்ப் பார்த்தேன். பழனி மார்கழியில் குளிரும். இராமேஸ்வரத்தில் எங்கள் பேச்சைக் கேட்டதும் இலங்கையா என்று விசாரிக்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு நோபேட்டின் குடும்பம் வருஷாவருஷம் போகும். திருச்செந்தூர்தான் எனக்குப் பிடித்தது. கடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, கோயிலில் அன்னதானம் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் பாதையோரத்தில் அவள் வயதில் பல பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். போகிறவர் வருகிறவர் ஏதாவது கொடுத்துவிட்டுப் போனார்கள். நீ யார், உன் வீடு எங்கே என்று ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. நான் நெடுநேரம் நின்று பார்த்தேன். அப்படி ஒரு நிம்மதியை நான் கனகாலம் கண்டதில்லை.

அவசரப்பட்டு எதுவும் செய்யவில்லை. திரும்பி வந்ததும் கல்கிசை ரயில் நிலையத்தில் அவளை ஒரு மரவாங்கில் இருத்திவிட்டு, எதிர்ப்பக்கத்தில் நின்று கவனித்தேன். கொஞ்சம் அழுதாள். ஒரு சிங்களப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் கொடுத்ததும் அழுகை நின்றுவிட்டது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

மதுரைக்கு விமானத்தில் போனோம். ஜன்னலோரத்தில் இருந்து மேகத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டு வந்தாள். கார் பிடித்துத் திருச்செந்தூர் சேர்ந்தோம். கடலில் குளிக்கவைத்தேன், அவளுக்கு அலை பிடித்திருந்தது. தலை வாரி, நல்ல பருத்திச் சேலை உடுத்திவிட்டேன். பாஸ்போட்டையும் கைப்பையையும் நான் வைத்துக்கொண்டேன். தாலிக்கொடியையும் கழற்றினேன். தனியாக இருக்கும் பெண்ணிடம் பொன் இருப்பது ஆபத்து. சட்டையில் இருந்த தையற்கடை அடையாளத்தையும் வெட்டிவிட்டேன்.

நிழலான ஒரு சுவரோரத்தில் அவளை இருத்தினேன். பக்கத்தில் ஒரு தேநீர்க்கடை இருந்தது.

"நீர் இதிலை இரும். நான் தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, நீங்கள் போற வழியிலை எங்கட இவரைக் கண்டால், நான் இஞ்சை இருக்கிறன் எண்டு சொல்லுவியளோ? தேடிக்கொண்டு திரிவார், பாவம்."

"ஓம், சொல்லுறன்," என்றேன்.

அவள் தொலையவில்லை. உங்களுக்கு முதலில் கொடுத்த வாக்குமூலத்தில் கூட்டத்தில் தவறவிட்டேன் என்று சொன்னது பொய். நான் விட்டுவிட்டு வந்தேன். தெரிந்துதான் விட்டேன், திரும்பிப் போகும் எண்ணமில்லாமல் விட்டேன். இதில் எனக்கு வழக்காட ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து தூங்கினேன். கேரளாவில் ஒரு வைத்தியசாலையில் சேர்த்திருக்கிறேன் என்று கைருன்னிஸாவிடம் சொன்னேன். அவர் வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தார். பிறகு, "தாலிக்கொடி ஒங்கட மேசயில ஈக்கிதே," என்றார். ஆஸ்பத்திரியில் நகை போட விடமாட்டார்கள் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

என் பிழை ஒன்றே ஒன்று. வெள்ளவத்தை ஆட்களை மட்டும் யோசித்தேன். அவள் படிப்பித்த கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து ஜிந்துப்பிட்டியை யோசிக்கவில்லை. அங்குள்ளவர்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம் சொந்தக்காரர் இருப்பார்கள், நேர்த்திக்கடனுக்குத் திருச்செந்தூர் போவார்கள் என்பது என் மூளைக்கு எட்டவேயில்லை. ஜிந்துப்பிட்டி இராமலெட்சுமி ரமணியிடம் படித்த பிள்ளை. கைக்குழந்தைக்கு மொட்டை போடப் போன இடத்தில், மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒருத்தி சுவரில் விரலால் கணக்கு எழுதுவதைப் பார்த்து நின்றிருக்கிறாள். "டீச்சர்" என்று கூப்பிட்டதும் அவள் நிமிர்ந்து, "கையெழுத்தைத் திருத்து," என்றாளாம். இராமலெட்சுமிதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது. படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பியதும் அவள்தான். அது கை மாறிக் கைருன்னிஸாவிடம் வந்து, அவர் உங்களிடம் வந்தார்.

ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சுச்சளி முற்றிவிட்டதாம், காப்பாற்ற முடியவில்லையாம். ஐப்பசியில் அங்கே இவ்வளவு மழை பெய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தத் தேநீர்க்கடைச் சீனியம்மாவின் வாக்குமூலத்தை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். ரமணி அந்த இடத்தைவிட்டு அசையவில்லை என்கிறாள். சோற்றுக்குக் கூட்டிப்போனால் பாதியில் எழுந்து ஓடிவந்துவிடுவாளாம், "அவர் வந்து பாத்திட்டுப் போயிடுவார்," என்று. மழைக்குக் கடைக்குள் இழுத்தால் திமிறிக்கொண்டு சுவருக்கே போவாளாம். புருஷன் பேரென்ன என்று கேட்டதற்கு முதலில் வெட்கப்பட்டுச் சேலையால் வாயை மூடிக்கொண்டாளாம். காய்ச்சல் கண்ட பிறகு தானாகவே கூப்பிடத் தொடங்கினாளாம். "வெங்கடேஸ்வரன், வெங்கடேஸ்வரன்னு ரோட்டப் பாத்துக் கத்துவாக. முருகன் கோயில் வாசல்ல உக்காந்துகிட்டு இந்தம்மா பெருமாளக் கூப்புடுதாகளேன்னு நாங்க நெனச்சோம்," என்று சொல்லியிருக்கிறாள்.

சீனியம்மா சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறாள். எங்கள் கலியாணம் நடந்த நாளிலிருந்து ரமணி ஒருதரமும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவள் கூப்பிட்டது பெருமாளைத்தான். அதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.