முள்ளியவளைச் சந்தியால் போன பெட்டி

ராஜரத்தினம்: ...எழுதுங்கோ பிள்ளை, பயப்படாதேங்கோ. போன வருசம் பங்குனி மாசம், காலமை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில, முள்ளியவளையின்ர முழுப் பொருளாதாரத்தையும் நான் தனி ஆளாத் தூக்கி நிறுத்தினனான். ஒரு சதம் செலவில்லை.

மஸாஹிர்: தங்கச்சி, பேனையை மூடுங்கோ.

தேனுகா: ஐயா, நான் கேட்டது கடைக்கார நானாவை...

ராஜரத்தினம்: கடைக்காரருக்கு என்ன தெரியும். அவர் அண்டைக்குக் கடைக்குள்ள இருந்தவர். நான்தான் வெளியில நிண்டு பொருளாதாரத்தோட நேருக்கு நேர் கதைச்சனான்.

மஸாஹிர்: இவர் ராஜரத்தினம். நீர்ப்பாசனத்தில ஓவசியரா இருந்து பென்சன் எடுத்தவர். முப்பத்தொரு வருசம் குளத்து மட்டம் பாத்த ஆள். இப்ப பாக்கக் குளம் இல்லாதபடியால் என்ர கடைக் கதிரையில இருந்து என்னைப் பாக்கிறார்.

ராஜரத்தினம்: குளம் இவ்வளவு கதைக்கிறதில்லை.

தேனுகா: எனக்கு ஒரு வரி போதும் நானா. நான் வவுனியாக் கந்தோரில இருந்து வாறன். வியாபாரிமாருக்கு வாற மாதங்களைப் பற்றி எவ்வளவு நம்பிக்கை இருக்கெண்டு வருசா வருசம் கேக்கிற கணக்கெடுப்பு. போன வருசப் பத்திரத்தில உங்கட கையாலயே எழுதியிருக்கிறியள், மூண்டு கிழமைக்குள்ள கடை பூட்டப்படும் எண்டு. இண்டைக்கு வந்து பாத்தால் பக்கத்துக் கடைச் சுவரையும் உடைச்சுச் சேத்திருக்கிறியள். காரணம் என்ன எண்டு எங்கட பெரியவர் கேப்பார்.

மஸாஹிர்: காரணம் வியாபாரம். சனம் வந்தது, வாங்கினது, நான் நிண்டன். எழுதுங்கோ.

ராஜரத்தினம்: சனம் ஏன் வந்தது?

மஸாஹிர்: சாமான் தேவைப்பட்டது.

ராஜரத்தினம்: முதல் நாளும் தேவைப்பட்டதுதானே. முதல் நாள் இவர் வித்தது ஒரேயொரு பல்ப். அதையும் பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து குடுத்தவை.

மஸாஹிர்: ...பல்ப் திரும்பி வந்தது உண்மை.

தேனுகா: அவ்வளவு மோசமோ?

மஸாஹிர்: சனத்திட்டக் காசு இல்லாமலில்லைத் தங்கச்சி. நெல்லு வெட்டி முடிஞ்ச நேரம். வீட்டுக்கு வீடு மூட்டை அடுக்கிக் கிடந்தது. ஆனால் பெற்றோலுக்கு வரிசையில நிண்ட வருசம் ஒண்டு, அதுக்குப் பிறகு வெள்ளம் வந்த வருசம் ஒண்டு... ஒருத்தரும் எதையும் வாங்கிறதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வாங்கட்டும், பாத்து நாங்கள் வாங்குவம் எண்டு எல்லாரும் இருந்தினம். பக்கத்து வீட்டுக்காரனும் அப்பிடித்தான் இருந்தவன்.

ராஜரத்தினம்: அடுத்து விதைக்கிற சிறுபோகத்துக்குக் குளத்தில இருந்து எவ்வளவு தண்ணி விடுவாங்கள் எண்டும் தெரியாது. அதைச் சொல்லுற கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள் கிடந்தது. அந்தப் பத்து நாளும் இந்த ஊர்ச் சனம் மூச்சையும் அரைவாசிதான் விடும்.

மஸாஹிர்: நான் முழுசா விட்டிட்டன். தொண்ணூறில முஸ்லிம் சனத்தை வெளியேத்தின நேரம் எங்கட வாப்பா பூட்டிப்போட்டுப் போன ஊர் இது. நான் திரும்பி வந்து கடை போட்டனான். மனிசி சபூறாவும் பிள்ளையளும் புத்தளத்திலதான் இருந்தவை. கடை நிமிர்ந்தால் நாங்கள் வாறம், நிமிராட்டில் நீங்கள் இஞ்ச வாங்கோ எண்டு அவா சொல்லிப்போட்டா. ஒண்டரை வருசமா நிமிரேல்ல. போறதெண்டு முடிவெடுத்திட்டன்.

தேனுகா: பேந்து?

ராஜரத்தினம்: பேந்துதான் நான் உள்ள வாறன்.

மஸாஹிர்: உள்ள வந்தது கோழிக்குஞ்சுக்குப் பெட்டி கேட்டு.

ராஜரத்தினம்: அதை ஏன் இப்ப...

மஸாஹிர்: சொல்லத்தானே வேணும். இவற்ற மனிசி கமலாசனி அக்காவின்ர கோழி பதினொரு குஞ்சு பொரிச்சுது. கீரி வந்து வந்து பாத்திட்டுப் போகுதாம். குஞ்சுகளை அடைச்சு வைக்க ஒரு பெரிய மட்டைப்பெட்டி கொண்டு வராமல் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் எண்டு கலைச்சு விட்டிருக்கிறா.

தேனுகா: உங்களிட்டப் பெட்டி இருந்ததோ?

மஸாஹிர்: பெட்டி மட்டும்தான் இருந்தது. பார்வைக்கெண்டு கடையில ஒரு பிரிட்ஜ் வச்சிருந்தனான். ரெண்டு கதவு, ஆளுயரம். வாறவை கதவைத் திறந்து, முகத்தைக் கொஞ்ச நேரம் குளிர வச்சுப்போட்டுப் போவினம். ஒருத்தரும் வாங்கேல்ல. கடை பூட்டப்போறன் எண்டு கொம்பனிக்குச் சொல்ல, முதல் நாள் லொறி வந்து அதை ஏத்திக்கொண்டு போச்சுது. அதின்ர வெறும் பெட்டியைத்தான் இவருக்குக் குடுத்தனான்.

ராஜரத்தினம்: புதுப்பெட்டி பிள்ளை. நாலு பக்கமும் பிரிட்ஜின்ர படம். படத்துக்குள்ள தக்காளி, முட்டை, என்ர தலையளவில ஒரு முந்திரிகைப்பழக் குலை.

மஸாஹிர்: ஒரு கையால தூக்கி இவற்ற லாண்ட்மாஸ்டர் உழவுமெசினில வச்சு விட்டனான்.

ராஜரத்தினம்: வச்சது அவர். கட்டினது நான். காத்துக்குப் பறக்குமெண்டு நாலு பக்கத்தாலயும் கயிறு போட்டு, மூலைக்கு மூலை சாக்கு மடிச்சு வச்சு... கட்டைப் பாத்தால் உள்ளுக்கு அம்மன் இருக்கிறா எண்டு நினைப்பியள். வேகமா ஓடினாலும் பறக்கும். அதால மெல்ல ஓடினனான். நடந்து போன கிழவியள் என்னை முந்திக்கொண்டு போனவை. சந்தியில முந்நூறு பேர் நிண்டவை.

மஸாஹிர்: ஏழு பேர். ஒரு மாடு.

ராஜரத்தினம்: மாடும் திரும்பிப் பாத்தது.

தேனுகா: ஒரு பெட்டியில பாக்கிறதுக்கு என்ன கிடக்கு ஐயா?

மஸாஹிர்: பெட்டியை இல்லைத் தங்கச்சி, ஓவசியரைப் பாத்தவை. இந்த ஊரில ஒரு பழக்கம் இருக்கு. குளத்தில தண்ணி எவ்வளவு எண்டு கந்தோர் கடதாசி ஒட்டினாலும் சனம் வாசிக்காது. ஓவசியர் என்ன செய்யிறார் எண்டு பாக்கும். பென்சன் எடுத்து எட்டு வருசம், இன்னும் பாக்குது. ஒரு வருசம் இவர் தன்ர பசுவை வித்தவர். குளம் வத்தப்போகுதாம் எண்டு அரைவாசிப் பேர் விதைக்காமல் விட்டவை.

ராஜரத்தினம்: அது கமலாசனியை இடிச்சுது. அதால வித்தனான்.

மஸாஹிர்: அந்த வருசம் குளம் நிரம்பி வான் பாஞ்சது.

தேனுகா: அதுக்குப் பிறகும் நம்பினவையோ?

மஸாஹிர்: கூட நம்பினவை. ஓவசியர் பசுவை வித்தும் மழை வந்திட்டுதே, அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் எண்டு.

ராஜரத்தினம்: பாடுபட்டனான்தான்.

மஸாஹிர்: அதோட ஆளின்ர கையிறுக்கமும் ஊருக்குத் தெரியும். டோர்ச் லைட் பற்றறியை வெயிலில காயவச்சு மூண்டாந்தரம் பாவிக்கிறவர்.

ராஜரத்தினம்: நாலாந்தரம்.

மஸாஹிர்: அப்பிடிப்பட்டவர் ரெண்டு கதவுப் பிரிட்ஜ் கொண்டு போறார் எண்டால், குளத்தைப் பற்றி ஏதோ நல்ல செய்தி அவருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கோணும். சனத்தின்ர கணக்கு அதுதான்.

ராஜரத்தினம்: நான் ஒருத்தருக்கும் பொய் சொல்லேல்ல. அதைக் கட்டாயம் எழுதுங்கோ. யோகநாதன் எண்டு பத்து ஏக்கர் வயல்காரன், தேத்தண்ணிக் கடையில இருந்து இறங்கி வந்து, பெட்டி பெரிசு போல எண்டு கேட்டவன். ஓம் பெரிசுதான் எண்டனான். யோசிச்சுத்தான் எடுத்தியளோ எண்டான். மனிசி கேட்டால் எடுக்கத்தானே வேணும் எண்டனான். அப்ப இந்த முறை பயமில்லையோ எண்டான்.

தேனுகா: நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

ராஜரத்தினம்: கீரிக்குத்தான் பயம் எண்டு சொல்ல வாயெடுத்தனான்... பாத்தால் ஒரு காத்து. பெட்டி ஆடுது. பாஞ்சு இறங்கி ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சனான். யோகநாதன் தானும் ஒரு கை குடுக்க வந்தவன். தொடாதை எண்டு சொல்லிப்போட்டன். ஏன் சொன்னனான் எண்டு எனக்கே தெரியாது.

மஸாஹிர்: தெரியும்.

ராஜரத்தினம்: ...கொஞ்சம் தெரியும். அவன்ர முகம் விரிஞ்சதைப் பாத்தனான். அதுக்குப் பிறகு நேர வீட்டை போக மனம் வரேல்ல. கோயிலடிப் பக்கம் ஒருக்கா, தண்ணீரூற்றுப் பக்கம் ஒருக்கா... சந்தியால மட்டும் மூண்டு தரம். எரிஞ்ச டீசல் வயலுக்கெண்டு வச்சிருந்தது. அதால செலவு இல்லை.

தேனுகா: வீட்டை போய்ச் சேர்ந்தாப் பிறகெண்டாலும் உண்மை தெரிஞ்சிருக்குமே?

மஸாஹிர்: கமலாசனி அக்கா முழு உண்மையும் சொன்னவா. தையல்கடை நேசமலர் பின்னாலயே போயிருக்கிறா, பிரிட்ஜ் பாக்க. பெட்டிக்குள்ள கீச்கீச் எண்டு சத்தம் கேட்டிருக்கு. என்னக்கா எண்டு கேக்க, பிரிட்ஜும் இல்லை ஒண்டும் இல்லை, உள்ளுக்குக் கோழிக்குஞ்சு எண்டு அக்கா சொல்லியிருக்கிறா. நேசமலர் வெளியில வந்து, கண்ணூறு படுமெண்டு மறைக்கினம், அப்ப ரெண்டு வாங்கியிருக்கினம் எண்டு சொல்லிப்போட்டா.

ராஜரத்தினம்: பின்னேரத்துக்குள்ள எனக்கு அஞ்சு பிரிட்ஜ் இருந்தது பிள்ளை.

தேனுகா: கடைக்கு முதல் வந்தது ஆர் நானா?

மஸாஹிர்: யோகநாதன். பத்தரை இருக்கும். ஓவசியர் எடுத்த மாதிரி ஒண்டு வேணும் எண்டார். இல்லை எண்டனான். உண்மையாவே இல்லைத்தானே, லொறியில போயிட்டுதே. அவர் என்ன செய்தார், வெளியில போய் எல்லாம் முடிஞ்சுதாம் எண்டு சொல்லிப்போட்டார். முடிஞ்சுதாம் எண்டு கேட்டால் ஆர் வீட்டில இருப்பினம்? நேசமலர் வந்து, முடிய முதல் எண்டு ரைஸ் குக்கர் ஒண்டை எடுத்துக்கொண்டு போனா. பிறகு காத்தாடி, மிக்சி, அயன்பெட்டி... மத்தியானம் தட்டெல்லாம் வெறுமை. திரும்பி வந்த பல்பும் போச்சுது.

ராஜரத்தினம்: ஆயிரம் பேர்.

மஸாஹிர்: இருபத்தாறு.

ராஜரத்தினம்: கிழமை முடியேக்க யோகநாதன் விதைநெல் எடுத்தான். அதைப் பாத்து மற்றவை எடுத்தவை. நேசமலர் ரெண்டாவது மெசின் போட்டவா. தேத்தண்ணிக் கடைக்காரன் கண்ணாடி அலுமாரி வாங்கி வச்சு, அதுக்குள்ள வைக்க வடையும் கூடச் சுட்டவன். எல்லாம் பதினொரு கோழிக்குஞ்சால.

தேனுகா: அப்ப நானா, காரணம் எண்ட இடத்தில ஐயாவின்ர பேரைத்தானே...

மஸாஹிர்: எழுதாதேங்கோ. பகிடியை விடுங்கோ. பத்து நாள் கழிச்சுக் குளத்துக் கூட்டம் நடந்தது. முழுக் காணிக்கும் தண்ணி விடுறம் எண்டு எஞ்சினியர் சொன்னவர். அதாலதான் எல்லாம் நிண்டு பிடிச்சது. அவர் மாறிச் சொல்லியிருந்தால் இருபத்தாறு பேரும் சாமானைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பினம். நான் கணக்குப் பாத்து யாவாரம் செய்யிறவன். வெறும் மட்டைப்பெட்டி ஒண்டைப் பாத்து ஒரு மனிசன் தன்ர முடிவை மாத்துவானோ? விசர்க்கதை.

ராஜரத்தினம்: ஒரு வருசமா இதைத்தான் சொல்லுறார். நான் சொன்னால் ஊரே நம்புது, இந்த ஒரு கடை மட்டும் நம்பாது.

தேனுகா: சரி, உங்கட முடிவை எழுதுறன். கூட்டம் முடிஞ்ச பிறகுதான் கடை பூட்டிறதில்லை எண்டு தீர்மானிச்சனீங்கள்?

மஸாஹிர்: ஓம்... அப்பிடி எழுதலாம்.

தேனுகா: அடுத்த கேள்வி. குடும்பம் எப்ப இஞ்ச வந்தது?

மஸாஹிர்: அதுவும் அந்த நேரம்தான்.

ராஜரத்தினம்: சபூறா வேற மாதிரியெல்லோ சொன்னவா.

மஸாஹிர்: அண்ணை...

ராஜரத்தினம்: போன பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டு வந்த நேரம் கமலாசனிக்குச் சொல்லியிருக்கிறா. அண்டைக்குக் காலமை பத்து மணிக்குத் தான் புத்தளத்தில பள்ளிக்கூட வாசலில நிண்டதாம், பிள்ளையளின்ர விடுகைப் பத்திரம் கேட்டு. இவர் போன் எடுத்து, இண்டைக்கே வெளிக்கிடு எண்டவராம். நான் இவ்வளவு நாளும் கேக்கேல்ல. எனக்கெதுக்கு.

தேனுகா: பத்து மணிக்கோ? யோகநாதன் ஐயா வந்ததே பத்தரைக்கு எண்டுதானே சொன்னனீங்கள். அந்த நேரம் கடைக்கு ஒரு ஆளும் வரேல்ல, ஒரு சாமானும் விக்கேல்ல. என்னத்தைப் பாத்து அவாவை வரச் சொன்னனீங்கள் நானா?

மஸாஹிர்: ...வாசலில நிண்டனான். மூண்டாந்தரமும் சந்தியால வாறார். அவ்வளவு மெல்ல... தேத்தண்ணிக் கடையில இருந்த சனம் கோப்பையை வச்சிட்டு எழும்பி நிண்டு பாக்குது. பெட்டியை ஒரு கையால தூக்கி வச்சவன் நான் தங்கச்சி. உள்ளுக்கு ஒண்டுமில்லை எண்டு அப்ப இந்த ஊரில தெரிஞ்சது ரெண்டே ரெண்டு பேருக்கு, அவருக்கும் எனக்கும். எண்டாலும்... ஓவசியரே பிரிட்ஜ் வாங்கீட்டார், இனி என்ன பயம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் உள்ள போய்ப் புத்தளத்துக்குப் போன் எடுத்தனான்.