ஆஸ்பத்திரியில வைஃபை இருக்கும்ல?

...கைத்தட்டலை நிறுத்துங்க. இந்த இடத்துல உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லாம என்னால மேல போக முடியாது. சிரிக்கிறதுக்கு இல்ல. எனக்குக் கோவம் வந்ததாலதான் சொல்றேன்.

தூத்துக்குடியில கில்பர்ட்னு ஒருத்தர். ஏற்றுமதி கம்பெனியில வேலை. குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார். ஆனா சாயங்காலம் எட்டு மணி ஆச்சுன்னா அவர் கில்பர்ட் இல்லீங்க... சேனாபதி! ஃபோன்ல ஆடுற விளையாட்டுல ஒரு ராஜ்ஜியம். அதுல ஒரு படை. எந்தெந்த ஊர்லயோ இருக்குற ஆளுங்க எல்லாரும் ஒண்ணு சேர்ந்து கோட்டையைப் பிடிப்பாங்க. தலைவர் இவரு. இவரு வரலைன்னா படை தோத்துப் போகும். அதனால காதுல ஹெட்ஃபோனை மாட்டிட்டு உக்காந்தார்னா, பத்து மணி வரைக்கும் வீடு இடிஞ்சாலும் தெரியாது.

ஒருநாள் அவர் மனைவி விண்ணரசி, அடுப்பை அணைச்சுட்டு வந்து அவர் பின்னாடி நிக்குறாங்க.

"என்னங்க... மார்புல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது."

"ம்ம்."

"டாக்டரம்மா சதையெடுத்து டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்னு சொல்றாங்க."

"ம்ம்... நல்லது."

நல்லதாம்! கேட்டீங்களா?

"வெள்ளிக்கிழமை கூட வர்றீங்களா?"

அப்ப கில்பர்ட் கத்துறார்... "பயப்படாதீங்க! ஒருத்தரும் பின்வாங்காதீங்க! நான் இருக்கேன்ல!"

யாருக்குச் சொல்றார்? முகம் தெரியாதவனுக்குச் சொல்றார். "நான் இருக்கேன்"னு ஒரு வார்த்தை கேக்க மாட்டோமான்னு பொண்டாட்டி முதுகுக்குப் பின்னாடி நிக்குது... அந்த வார்த்தை ஹெட்ஃபோனுக்குள்ள போகுது!

விண்ணரசி வெள்ளிக்கிழமை தனியா ஆட்டோ பிடிச்சுப் போனாங்க. தனியா உக்காந்திருந்தாங்க. தனியா திரும்பி வந்து சோறு வடிச்சாங்க.

அடுத்த வாரம் கொழுந்தியா ரோஸ்லின் கில்பர்ட்டுக்கு ஃபோன் பண்றா. "அத்தான், அக்காவுக்கு ஆபரேஷன் தேதி குறிச்சாச்சே, ஆபீஸ்ல லீவு சொல்லிட்டீங்களா?"

"ஆபரேஷனா? என்ன ஆபரேஷன்?"

ரோஸ்லின் எல்லாத்தையும் சொல்றா.

ஓடிவந்து மனைவிகிட்ட நிக்குறார். "புற்றுநோயாமே... ஏன் என்கிட்ட சொல்லல?"

அந்தம்மா சத்தம் போடல. துணி மடிச்சுக்கிட்டே சொன்னாங்க: "சொன்னேங்க. கட்டி தட்டுப்பட்டப்ப ஒரு தடவை, ரிசல்ட் வந்தப்ப ஒரு தடவை. நீங்க கோட்டை பிடிச்சிட்டு இருந்தீங்க."

அந்த மனுஷன் ஃபோனைக் கையில எடுத்தார்.

அன்னைக்குப் படைக்குச் செய்தி போட்டார். 'மனைவிக்குப் புற்றுநோய். ஆபரேஷன். இனிமே வரமாட்டேன்.' எத்தனை வருஷப் பழக்கம்! எத்தனை சண்டையில கூட நின்னவங்க! எப்படி இருக்காங்கன்னு ஒருத்தனாவது கேப்பான்னு காத்திருந்தார். வந்துச்சுங்க பதில்...

"தலைவா, ஞாயித்துக்கிழமை பெரிய சண்டை இருக்கு. ஆஸ்பத்திரியில வைஃபை இருக்கும்ல?"

வைஃபை இருக்கும்லயாம்! ஒரு பொம்பள உயிருக்குப் போராடுறா, இவனுக்கு வைஃபை வேணும்! அவனை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. அவனும் கில்பர்ட் மாதிரி எங்கேயோ ஒரு வீட்டுல ஹெட்ஃபோன் மாட்டிட்டு உக்காந்திருக்குறவன்தான். எனக்குக் கோவம் அந்த விளையாட்டைச் செஞ்சவன் மேல. விளையாட்டை அழிக்கப் போனா திரையில என்ன வருது தெரியுமா? 'உங்களை நம்பிய வீரர்கள் மடிவார்கள். நிச்சயமாகப் போகிறீர்களா?' இதை ஒரு ஆளு ஏ.சி. ரூம்ல உக்காந்து யோசிச்சு எழுதியிருக்கான்! எந்திரிச்சுப் போறவன் சட்டையைப் பிடிச்சு இழுக்குறதுக்குன்னே எழுதியிருக்கான்!

கில்பர்ட் அழிச்சார்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா எட்டு மணி ஆனா மனுஷனுக்கு இருப்புக் கொள்ளல. வார்டுக்கும் வராண்டாவுக்கும் நடையா நடக்குறார். விண்ணரசி படுத்துக்கிட்டே சொல்றாங்க: "நீங்க நடக்குற நடையில எனக்குத்தான் பிரஷர் ஏறுது. உக்காருங்க."

பக்கத்துக் கட்டில்ல ஏரல் ஊர்க்காரம்மா ஒருத்தங்க, பேச்சித்தாய். தலையணைக்கு அடியில இருந்து சீட்டுக்கட்டை எடுத்தாங்க. "கழுதை ஆட்டம் தெரியுமா தம்பி?"

வலது பக்கம் ஆபரேஷன் ஆனதால விண்ணரசி இடது கையால சீட்டு போடுறாங்க. கோட்டை கோட்டையாப் பிடிச்ச சேனாபதி... முதல் ஆட்டத்துலயே தோத்துக் கழுதை! ரெண்டாவதும் கழுதை! விண்ணரசி தையல் வலிக்குதுன்னு மார்பைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குறாங்க.

நடுவுல நர்ஸ் வந்தாங்க, கட்டு மாத்தணும்னு. கில்பர்ட் சீட்டைக் கவுத்து வெச்சுட்டு, எந்திரிச்சு மனைவி கையைப் பிடிச்சுக்கிட்டார். கட்டு மாத்தி முடிஞ்சுது. மறுபடி சீட்டை எடுத்தார். ஏதாவது ராஜ்ஜியம் எரிஞ்சுதா? எவனாவது துரோகின்னு திட்டினானா? இல்லியே!

இப்ப விண்ணரசி நல்லா இருக்காங்க. செக்கப்புக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் போறாங்க. வீட்டுல கேரம் போர்டு வாங்கியாச்சு. ஃபோன்ல வார்த்தை கண்டுபிடிக்கிற ஆட்டம் ஒண்ணு வெச்சிருக்கார். டீ கொதிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்.

விளையாடாதீங்கன்னா நான் சொல்றேன்? விளையாடுங்கய்யா! உழைக்கிற மனுஷனுக்கு விளையாட்டு வேணும். ஆனா, 'இத்தனை மணிக்கு வா'ன்னு கூப்பிடுது, வரலைன்னா மிரட்டுது, போறேன்னா அழுது காட்டுது... அதுக்கு விளையாட்டுன்னா பேரு? நீங்களா தேடிப் போய் வெச்சுக்கிட்ட முதலாளி அது!

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் பண்ணுங்க. ஆடுறது எதுவா இருந்தாலும் சரி, பாதியில எந்திரிச்சுப் பாருங்க. விட்டுச்சுன்னா, நாளைக்கும் ஆடுங்க, சந்தோஷமா ஆடுங்க. விடலையா...? அப்ப ஆடுறது நீங்க இல்ல. உங்களை வெச்சு வேற எவனோ ஆடிக்கிட்டு இருக்கான்!