‘பிரஷர்’ என்ற சொல்லைத் தடை செய்தவருக்கு

கண் சிவந்து வந்தவரையும் கண் சிவக்கச் சண்டைக்கு வந்தவரையும் ஒரே குரலில் உட்கார வைத்தவரே, ஜாலான் புசாரில் இந்தக் கண் கிளினிக் திறந்த நாள் முதல் முப்பத்தோர் ஆண்டுகள் நோயாளிகளோடு எங்களையும் அதட்டிவிட்டு இன்று பணி ஓய்வு பெறும் மூத்த தாதியே, சிஸ்டர் முனீரா அவர்களே!

இந்த இடத்தில் பொறுமையின் சிகரம் என்று எழுதுவது வழக்கம். எழுதினால் அந்த வரியை நீங்களே அடித்துவிடுவீர்கள். உங்களுக்குப் பொறுமை கிடையாது. சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு வருபவரிடம் துளியும் கிடையாது. காரணம் எங்களுக்குத் தெரியும். கிளாக்கோமா பெரும்பாலும் வலிக்காது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஓரப் பார்வை முதலில் போகும். போனது திரும்பாது; மருந்து காப்பது மீதியை மட்டும்தான்.

இதே தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் திரு. அழகர்சாமியை இந்த மடலில் விட முடியாது. இரண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்து வாங்கிப் போனவர், ஆளையே காணோம். இரண்டு ஆண்டு கழித்துப் புதுக் கண்ணாடி வேண்டும் என்று வந்தார். மருந்து என்னவாயிற்று என்று கேட்டீர்கள்.

“பிரஷர் நார்மல்னு பாலிகிளினிக்ல சொல்லிட்டாங்க லா. அப்புறம் சொட்டு எதுக்குன்னு விட்டுட்டேன்.”

அங்கே பார்த்தது கையில் பட்டை கட்டிப் பார்க்கும் ரத்த அழுத்தம். அது சரியாகத்தான் இருந்தது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் வேறு. ஆனால் இரண்டுக்கும் நம் ஆட்களிடம் ஒரே பெயர்தான் புழங்கியது. நீங்கள் அவருடைய வலக்கண்ணை உள்ளங்கையால் மூடினீர்கள்.

“லைட்ட ஏன் சிஸ்டர் அணைச்சீங்க?” என்று கேட்டார்.

விளக்கை யாரும் அணைக்கவில்லை.

மிஞ்சியது அந்த வலக்கண் மட்டும். அன்று மாலையே ‘பிரஷர்’ என்ற சொல்லை இங்கே தடை செய்தீர்கள். இனி ‘கண்ணழுத்தம்’ என்றுதான் சொல்ல வேண்டும். கவுன்டரில் இருக்கும் சங்கீதா, நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு சிஸ்டர் என்று கேலி செய்தார். நீங்கள் சிரிக்கவில்லை. கொஞ்ச காலத்தில் நோயாளிகளே கண்ணழுத்தம் எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தார்கள். நம் சீன டாக்டரும் சொல்லிப் பழகினார். அவர் வாயில் அது கண் அலுத்துப்போனது போல ஒலிக்கும், ஆனாலும் புரிந்தது.

அழகர்சாமிக்கு டாக்டர் லேசர் செய்தார். சொட்டு உங்கள் பொறுப்பு. உங்கள் முன்னாலேயே விடச் சொன்னீர்கள். பாதி கண்ணுக்கு வெளியே வழிந்தது.

“அண்ணே, கன்னத்துக்குக் கிளாக்கோமா இல்ல.”

கோபித்துக்கொண்டு, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று போனார். மறுவாரம் வந்து, கீழ் இமையை இழுத்து, ஒரு சொட்டைச் சரியாக விட்டுக் காட்டினார். அவருடைய தம்பியையும் இழுத்துவரச் சொன்னீர்கள், இது குடும்பத்தில் தொடரக்கூடிய நோய் என்பதால். தம்பிக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம். அவர் இரண்டு கண்ணோடும் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

மார்சிலிங் வீட்டில் நன்றாகத் தூங்குங்கள். உடல் நலத்தோடு நெடுநாள் இருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் கண்ணழுத்தத்தையும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். வரிசை எண் எடுக்க வேண்டும், சலுகை இல்லை.

கடைசியாக ஒன்று. இந்த மடலை வாசித்துக்கொண்டிருப்பவர் அழகர்சாமிதான். பெரிய எழுத்தில் அச்சிடட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்றுவிட்டார். சிஸ்டர், சால்வை வாங்க மேடைக்கு வரும்போது அவருக்கு வலப்பக்கமாக வந்து நில்லுங்கள். அவர் உங்களைப் பார்க்க வேண்டும்.

உங்கள் அதட்டலுக்குப் பழகிப்போன
கண் கிளினிக் ஊழியர்கள்
ஜாலான் புசார், சிங்கப்பூர்