முதுகைக் காட்டும் கருப்பன்

கோட்டுச்சேரியில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த பெண்ணின் மடியில் அகத்திக்கீரைக் கட்டு. பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"எங்க வீட்டுக் கருப்பன் எங்கிட்ட மூஞ்சியே குடுக்க மாட்டேங்குது. கூண்ட இடம் மாத்திட்டேன்னு கோவம்."

"முயலுக்குக்கூடவா கோவம் வரும் லாத்தா?"

"இன்னொண்ணு, வெள்ளச்சி, அதுக்கு வராது. கூப்புட்டா ஓடியாந்துரும். கருப்பன் முதுகக் காட்டிட்டு உக்காந்துக்கும். துபாய்லேருந்து மவன் வீடியோ கால்ல வந்தா, முயலத்தான் காட்டச் சொல்றான்."

"வெள்ளச்சியக் காட்டுங்களேன்."

"காட்டுனா, பாத்துட்டு 'சரிம்மா'ன்னு வச்சிருவான். கருப்பன்னா, அது திரும்புற வரைக்கும் பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருப்பான். அதுவரைக்குமாவது வீட்டுல ஒரு ஆள் கொரல் கேக்கும்ல?"