ஞாயிற்றுக்கிழமை சாட்சி

— ஏன்க்கா கிழிக்கிறே? ஞாயித்துக்கிழமை நீ சபையில வாசிக்கவேண்டிய சாட்சி இல்லையா அது?

— அதை வாசிக்க மாட்டேன் தம்பி. வேற எழுதறேன். அந்தச் சோதனைக் குழாய்ல கை படாம உட்காரு.

— போதகரா நானே சபையில அறிவிச்சாச்சு. ‘காசநோய்க்கு மாத்திரை கண்டுபிடிச்ச விஞ்ஞானி, தினம் முழங்கால்ல நின்னு ஜெபிக்கிறவங்க’ன்னு. காலேஜ் பிள்ளைங்க எல்லாம் வருதுங்க. படிச்சா விசுவாசம் போயிடும்னு நினைக்கிற பிள்ளைங்க.

— என் விசுவாசம் போகலடா. மாத்திரைதான் போச்சு.

— புரியிற மாதிரி சொல்லு.

— இருமலை நிறுத்துது. ஆனா சின்னப் பிள்ளைங்களோட ஈரலை அரிக்குது. உடனே நிறுத்துங்கன்னு எல்லா ஆஸ்பத்திரிக்கும் எழுதறேன்.

— அவசரப்படாதே. இன்னொரு தடவை சோதிச்சுப் பாரேன். ஞாயிறு கழியட்டும்.

— அதுக்குள்ள எத்தனை பிள்ளைங்க முழுங்கும்?

— ஊர் காறித் துப்பும்க்கா! ‘ஜெபம் பண்ணிக் கண்டுபிடிச்ச லட்சணத்தைப் பாரு’ன்னு. அந்தக் காலத்துப் பெரிய விஞ்ஞானிங்க வேதத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தானே வானத்தை அளந்தாங்க? அந்த வரிசையில உன்னை நிறுத்தியிருக்கேன்.

— வெச்சுக்கிட்டாங்க. ஆனா ஆண்டவருக்கு நல்ல பேர் வாங்கித் தரணும்னு யாரும் கணக்கைத் திருத்தல. அவர் படைச்சது எப்படி இருக்கோ அப்படியே எழுதறதுதான் அவங்களுக்கு ஜெபம். நீ சாட்சி சொல்லத்தானே கூப்பிட்டே? இதுதான் சாட்சி. அதை வாசிச்சா பொய்ச்சாட்சி.

— உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா... எத்தனை பிள்ளைங்களுக்கு இப்படி?

— பன்னிரண்டு. நாலு பேர் போயிட்டாங்க.

— ஐயோ, ஆண்டவரே! முதல் பிள்ளை எப்போ?

— எட்டு மாசம் ஆச்சு.

— எட்டு மாசமா? அப்பவே ஏன் எழுதல?

— தற்செயலா இருக்கணும், தற்செயலா இருக்கணும்னு முழங்கால்லயே கிடந்தேன். பதினோரு பேர் வரைக்கும்.

— கடவுளே! இதையா ஜெபம்கிறே?

— இல்லடா. பயம். உன் பயம்தான் எனக்கும். என் பேர், உன் சபை, அவர் மகிமைன்னு.

— இப்போ மட்டும் எங்கேருந்து தைரியம் வந்துச்சு?

— காலையில ஒரு பள்ளிக்கூட விடுதியிலிருந்து ஈரல் சோதனைக்கு ரத்தம் வந்துச்சு. அங்க ஒரு பையனுக்குக் காசம்னு, மத்த பிள்ளைங்களுக்கும் தடுப்புக்குன்னு இதே மாத்திரையைக் கொடுத்திருக்காங்க. வீட்டுக்குக்கூடத் தெரிவிக்கல.

— எந்த விடுதி?

— நீ முதல்ல உட்காரு.

— எந்த விடுதின்னு கேட்டேன்க்கா.

— குழாய்ல ஒட்டியிருந்தது உன் பையன் பேருடா.