மூக்குக்கண்ணாடி டப்பா

இல்லண்ணே, அந்த டப்பாவைக் கொஞ்சம் பாத்துத் தெறங்க. மூக்குக்கண்ணாடி டப்பாதான், ஆனா உள்ள கண்ணாடி இல்ல. கம்ப்யூட்டரோட பிராசஸர் இருக்கு. பஞ்செல்லாம் நான் வைக்கல, எங்கப்பா வச்சது. கம்ப்யூட்டர் நின்னுபோச்சுன்னு இதை மட்டும் பத்திரமா எடுத்து வச்சாராம். சரி, அது கெடக்கட்டும். இதுக்கு ஒத்துவர்ற மதர்போர்டு ஒண்ணு வேணும். பழசெல்லாம் உங்ககிட்டதான் கெடைக்கும்னு சொல்லி அனுப்புனாங்க.

புதுசு வாங்கச் சொல்லாதீங்க. நாலு கடையிலயும் அதைக் கேட்டுட்டுத்தான் வர்றேன். என்னால வாங்க முடியாதுன்னு இல்ல. எங்கப்பா தொட மாட்டாரு. இது சின்னவ செஞ்சு குடுத்தது. சின்னவன்னா என் தங்கச்சி. காலேஜ்ல ஏதோ போட்டியில ஜெயிச்சு இந்தப் பிராசஸரைப் பரிசா வாங்கிட்டு வந்தா. மிச்ச சாமானை ஒவ்வொண்ணா சேத்து, ஹால்ல பாய விரிச்சு, அவளே மாட்டுனா. அப்பா பக்கத்துல ஒக்காந்து டார்ச் அடிச்சாரு. பதினாறு வருஷம் ஆச்சு. இன்னும் வீட்டுக்கு யாரு வந்தாலும், என் சின்னப் பொண்ணு கையால செஞ்சதுன்னு காட்டுவாரு. டீ கொண்டுபோய்க் குடுக்குறவ நான். அந்த டம்ளரை வாங்கி அந்தக் கம்ப்யூட்டர் மேலயே வச்சுக்கிட்டு சொல்லுவாரு.

ஆமா, ஒரு போர்டு வாங்கி மாட்டிப் பாத்துட்டேன். பிராசஸர் ஒக்கார்ற சாக்கெட் அதேதான், கச்சிதமா ஒக்காந்துச்சு. ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன்ல மட்டும் ஒண்ணும் வரல. அப்பறந்தான் தெரிஞ்சுது, சாக்கெட் ஒண்ணா இருந்தா மட்டும் பத்தாது, போர்டுல இருக்குற சிப்செட்டும் சேரணும், போர்டை எழுப்பி விடுற பயாஸ் புரோகிராமுக்கு இந்தப் பிராசஸர் யாருன்னு தெரிஞ்சிருக்கணும்னு. அந்த போர்டு இதுக்கு முன்னாடியே வந்ததாம். அதுக்கு இதை அடையாளமே தெரியல. ஒரே வயித்துல பொறந்தவங்களே ஒத்துப்போறதில்ல, இது என்ன பண்ணும் பாவம்.

சிரிக்காதீங்கண்ணே. நான் டெய்லர். துணி தைக்கிறவளுக்கு இதெல்லாம் எதுக்குன்னுதான நெனைக்கிறீங்க? பதினஞ்சு நாளா இதையேதான் படிக்கிறேன். எந்த போர்டு எந்தப் பிராசஸரை ஏத்துக்கும்னு கம்பெனிக்காரங்க பட்டியல் போட்டிருக்காங்கல்ல, அதைப் பாத்துப் பாத்து அளவு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். இந்தாங்க. தோள் பதினாலு, கை நீளம் பத்துன்னு இருக்கே, அதுக்குக் கீழ. இந்த மூணு நம்பர்ல எது இருந்தாலும் சரி. பயாஸ் வெர்ஷன் இதுக்குக் கொறையக் கூடாது, அடிக்கோடு போட்டிருக்கேன் பாருங்க.

அடுத்த வாரம்லாம் ஆகாது. இன்னிக்கே வேணும். சின்னவ தூரத்துல இருக்கா, நாலு வருஷமா வரல. வேலை, கொழந்தை, லீவு இல்ல, எல்லாம் நெசந்தான், நான் இல்லைங்கல. ஞாயித்துக்கிழமையானா அந்த ஸ்கிரீன்ல வந்து மூஞ்சியக் காட்டுவா. அதுக்காக அப்பா காலையிலயே ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு ஒக்காந்துருவாரு. மிச்ச ஆறு நாளும் என் முன்னாடி கிழிஞ்ச பனியன்தான். இப்ப இது நின்னதும், என் ஃபோன்ல பேசுங்கப்பான்னு குடுத்தேன். மூஞ்சி சின்னதா தெரியுதாம். நீ வந்தாத்தான்டி இது சரியாகும், இங்க இருக்கறவங்களுக்கு என்ன தெரியும்னு அவகிட்ட சொல்றாரு. என் ஃபோன்ல, நான் பக்கத்துல நிக்கும்போதே. அவளும், அக்கா நீ அதுல கை வைக்காத, உனக்குப் புரியாது, நான் லீவு கேட்டிருக்கேன்ங்கறா. வெள்ளிக்கிழமை டிக்கெட் போடப் போறாளாம். அதுக்குள்ள இது ஓடிட்டா லீவை வேண்டாம்னு சொல்லிடுவா. அவளை எனக்குத் தெரியும்.

அவ வந்தா எனக்கென்னவா? நல்லாக் கேட்டீங்க. வரட்டுமே. அக்கா எப்படி இருக்கான்னு பாக்க வரட்டும், யாரு வேண்டாங்கறா? நாலு வருஷம் கழிச்சு வந்து, ரெண்டு ஸ்குரூவைத் திருப்பி, ஸ்கிரீன் எரிஞ்சதும் அவரு கண்ணு கலங்கி, பாத்தீங்களா என் பொண்ணைன்னு தெருவையே கூப்பிட்டுக் காட்டுவாரு. அதுக்கும் நான்தான் டீ போடணும். குளிப்பாட்டி விடுறது நான், நகம் வெட்டி விடுறது நான், சட்டைக்குப் பட்டன் போட்டு விடுறது நான். ஞாயித்துக்கிழமை போடுற அந்தச் சட்டைக்கும் சேத்துத்தான். எனக்கு வயிறு எரியுதுண்ணே. பொறாமைன்னு சொல்லுங்க, பரவால்ல. பொறாமைதான்.

நின்னுபோன அந்தப் பழைய போர்டா? பையில இருக்கு, எடுத்துப் பாருங்க. ஆமா, சாக்கெட்டுக்குள்ள இருக்குற குட்டிக்குட்டிப் பின்னெல்லாம் வளைஞ்சிருந்துச்சு. லென்ஸ் வச்சு ஊசியால ஒவ்வொண்ணா நிமித்துனேன். பதினேழு நிமிந்துச்சு, பதினெட்டாவது ஒடிஞ்சுபோச்சு. எப்படி வளைஞ்சுதுன்னா... கீழ விழுந்திருக்கும். விழுந்தா இப்படி வளையாதா? அப்ப யாராவது மெக்கானிக் கை வச்சிருப்பாங்க. நீங்க போர்டைத் தேடுங்கண்ணே.

அந்த மேல் தட்டுல, நீலமா ஒண்ணு தெரியுதே, அதை எறக்குங்க. நம்பரைப் படிங்க. நோட்டுல ரெண்டாவது, அதேதான். இங்கயே மாட்டிப் பாத்துடலாம். இருங்க, பிராசஸரை நான் வைக்கிறேன். இந்த மூலையில முக்கோணம் போட்டிருக்குல்ல, அது இங்க வரணும். லீவரை அமுக்கியாச்சு. பசையைத் தடவி ஃபேனை நீங்களே வைங்க.

வருது. பாருங்க, பிராசஸர் பேரைச் சரியா காட்டுது. பயாஸும் சரியாத்தான் இருக்கு. நான் போட்டதுண்ணே இது. காலேஜ் பக்கம் போகாதவ, நான் போட்டது.

இதே நம்பர்ல இன்னொண்ணு இருக்கா? அங்க அடியில இருக்குறதும் நீலந்தான, பாருங்க. அப்ப அதையும் சேத்துக் கட்டிடுங்க. ஒரு கம்ப்யூட்டருக்கு எதுக்கு ரெண்டா?

அப்பா மறுபடியும் வளைப்பாருண்ணே.

கம்ப்யூட்டர் நின்ன அன்னிக்கு மத்தியானம் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன், அவங்க இல்ல, சீக்கிரமே திரும்பிட்டேன். ஜன்னல் வழியாப் பாத்தேன். பெட்டியத் தெறந்து, போர்டைக் கழட்டி மடியில வச்சிருக்காரு. சின்னவ மாட்டும்போது பாத்துக்கிட்டே இருந்தவராச்சே. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, அந்தக் காலி டப்பாவுல பஞ்சை வச்சு, பிராசஸரை எடுத்து அதுல படுக்க வச்சாரு. அவ பரிசா வாங்குனது, அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுல்ல. அப்பறம் என் தையல் பெட்டியில இருந்து ஊசியை எடுத்து, ஒவ்வொரு பின்னா வளைச்சாரு. பட்டன் போட நடுங்குற கை, அன்னிக்கு நடுங்கவே இல்ல. நான் தெருவை ரெண்டு சுத்து சுத்திட்டு, செருப்பைச் சத்தமா கழட்டிப் போட்டுட்டு உள்ள போனேன். கம்ப்யூட்டர் போயிருச்சும்மா, தங்கச்சிக்கு ஃபோனப் போடுன்னாரு. நானும் போட்டுக் குடுத்தேன்.

என்னை வரவைக்க அவரு எதையும் ஒடைக்க வேண்டியதில்லண்ணே. நான்தான் அடுத்த ரூம்லயே இருக்கேனே.

அந்த டப்பாவையும் பையில போட்டுருங்க. பஞ்சை எடுக்காதீங்க, இருக்கட்டும்.