இன்னைக்கு ஏன் பாட்டுச் சத்தம் இல்ல

சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு வந்து நின்னா அது நியாயம். சத்தமே இல்லையேன்னு வந்து நிக்கிறியே, உன்ன என்னன்னு சொல்றது! குடிவந்து இன்னும் அட்டப்பெட்டிகூடப் பிரிச்சு முடிக்கல, அதுக்குள்ள அந்த ரேடியோ உன்னையும் பிடிச்சுக்கிச்சா? வா வா, வாசல்லயே நிக்காத. அந்த நாற்காலில மட்டும் உக்காராத, அது எங்க வீட்டுக்காரரோடது... சரி சரி, உக்காரு, அவர்தான் வீட்லயே இல்லையே. ரேடியோவும் இல்ல. ரெண்டும் சேந்து கெளம்பிப் போயிருக்கு. காலையில போனது, சாப்பாட்டு நேரம் தாண்டப்போகுது, இன்னும் காணோம். போனயும் மேஜை மேலயே வெச்சுட்டுப் போயிட்டாரு, இதோ பாரு.

என்னது? ஆமாமா, அந்த 'எழுந்தாச்சா' நிகழ்ச்சியேதான். எழுந்தாச்சான்னு தெனம் கேக்கிறா அந்த ரேடியோப் பொண்ணு. அவ போடுற சத்தத்துல தூங்கவா முடியும்? பாட்டு போடுறா, சரி. யாரையாவது விருந்தாளியா உக்கார வெச்சுக் கதை கேக்கிறா, அதுவும் சரி. கடைசியில 'இன்னைக்கு ஒரு சொல்'னு ஒண்ணு சொல்லுவா பாரு, அங்கதான் எனக்கு வம்பு ஆரம்பம். கேக்கிற ஜனமெல்லாம் 'ஆஹா, நல்லாச் சொன்னா'ன்னுட்டு வேலையப் பாக்கப் போயிடும். இவர் அப்படியில்ல. அவ சொன்னா அன்னைக்கே செஞ்சாகணும்! ஆயுசு பூரா பஸ் ஓட்டின மனுஷன் இல்லையா, பின்னாலேருந்து யாராவது மணியடிச்சா வண்டிய எடுத்தே பழக்கம்.

'உபயோகப்படாத பொருள வேணுங்கிறவங்களுக்குக் குடுங்க'ன்னு ஒரு நாள். நான் கடைக்குப் போயிட்டு வரேன், என் தையல் மெஷினக் காணோம். கீழ்வீட்டு டீச்சருக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு! உபயோகப்படலையாம். அது மேல துணி மடிச்சு வெச்சிருந்தேனே, அது உபயோகம் இல்லையா? இப்ப ஒரு பட்டன் அந்துபோனாலும் கீழ போய் 'டீச்சரம்மா, டீச்சரம்மா'ன்னு நான் நிக்கணும். 'முன்னப்பின்ன தெரியாதவங்களப் பாத்து சிரிங்க'ன்னு இன்னொரு நாள். நீங்க சாமான் எறக்கினீங்களே, அன்னைக்குத்தான். உன் வீட்டுக்காரர் பாவம் கட்டிலத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க ஏறி வராரு, இவர் மேல்படியில நின்னுக்கிட்டு இருக்கிற பல்லு அத்தனையும் தெரிய சிரிக்கிறாரு. ஒரு கை பிடிக்கக் கூடாதா? சிரிக்கத்தானே சொன்னா, தூக்கச் சொல்லலையே! உன் வீட்டுக்காரர் இப்பவும் இவரக் கண்டா செவுத்தோரமா ஒதுங்கிப் போறாரு. நான் பாக்கலன்னு நெனைக்காத.

அப்புறம் ஐஸ் தண்ணியில நீச்சலடிக்கிற ஆளு ஒருத்தர் விருந்தாளியா வந்தாரு. வந்தவர் பேசிட்டுப் போயிட்டாரு, அவதிப்படுறது நான். அன்னையிலேருந்து இவருக்குப் பச்சத்தண்ணிக் குளியல். தண்ணி மேல பட்டதும் உள்ளேருந்து ஒரு பாட்டு கெளம்பும் பாரு... பாட்டா அது! உனக்குக் கேட்டிருக்குமே, நடுவுல இருக்கிற செவுரு அவ்ளோ மெல்லிசு. சிரிக்கிற! கேட்டிருக்க! அந்தப் பாட்ட மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ, பின்னாடி வரும்.

எங்க விட்டேன்... ஆங், ரேடியோ. அது உங்க வீட்டு எங்க வீட்டு ரேடியோ மாதிரி இல்லம்மா, எங்க மாமனாரோடது. மரப்பெட்டி, தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கும். அவருக்கு ரெண்டு புள்ளைங்க, இவரும் எங்க கொழுந்தனாரும். கொழுந்தனார் எலக்ட்ரீஷியன். அந்தப் பெட்டி வாயடச்சுப் போறப்பல்லாம் பிரிச்சு, தூசி ஊதி, உயிர் குடுத்தது அவர்தான். மாமனார் என்ன பண்ணிட்டாரு தெரியுமா? மூத்தவரத் தனியாக் கூப்பிட்டு 'எனக்கப்புறம் இது உனக்குத்தான்டா'ன்னு சொல்லியிருக்காரு. எளையவரத் தனியாக் கூப்பிட்டு, அதே வார்த்த! நல்ல மனுஷன், யார் மனசும் நோகக் கூடாதுன்னு பாத்தாரு. பாத்துட்டு நிம்மதியாப் போய்ச் சேந்துட்டாரு. இங்க அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்னுபோச்சு. 'அப்பா எனக்குத்தான்னு சொன்னாரு, நீ பொய் சொல்ற'ன்னு இவர். அதையே அவரும். ரெண்டு பேரும் சொல்றது நெஜம்தானேன்னு நானும் ஓரகத்தியும் தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிப் பாத்தோம். யார் கேக்குறா? ஒரு பஸ் ஏறினா அவர் வீடு. வருஷக்கணக்கா இவர் அதுல ஏறல. அந்த வழியில பஸ் ஓட்டினதே இவர்தான், அதச் சொல்லு!

போன வாரம் ஓரகத்தி போன் பண்ணினா. 'அக்கா, இவருக்கு வயித்துல ஆபரேஷன்னு நாள் குறிச்சுட்டாங்க. வெளிய வீராப்பாத்தான் இருக்காரு, தூக்கத்துல அண்ணே அண்ணேன்னு பொலம்புறாரு'ங்கிறா. நான் ஓடிவந்து இவர்கிட்ட சொன்னேன். கேட்டுக்கிட்டாரு. கேட்டுக்கிட்டு என்ன பண்ணினாரு தெரியுமா? ரேடியோ சத்தத்தக் கூட்டினாரு.

அப்ப வந்துது பாரு எனக்கு ஆத்திரம்! ரோட்டுல போறவனப் பாத்தெல்லாம் சிரிப்பாராம், கூடப் பொறந்தவன மட்டும்... கட்டினவ சொன்னா காதுல ஏறாது, அந்தப் பெட்டி சொன்னா ஏறும். சரி, அப்ப பெட்டியே சொல்லட்டும்னு முடிவு பண்ணிட்டேன்.

யார்கிட்டயும் சொல்லிடாத. அந்த நிகழ்ச்சிக்குக் கேக்கிறவங்களும் சொல் அனுப்பலாம், போன்ல பேசிப் பதிவு பண்ணி. அனுப்பினேன். ஆமா, நான்தான்! பேரு சொல்லல, 'ஒரு சகோதரி'ன்னுட்டேன். வாயில துண்ட வெச்சுக்கிட்டு, கொரல மாத்தி, 'கூடப் பொறந்தவங்களோட பேச்ச விட்டவங்க இன்னைக்கே அவங்க வாசல்ல போய் நில்லுங்க. எதுக்காகச் சண்ட போட்டீங்களோ அத அவங்க கையில குடுத்துடுங்க'ன்னு பேசினேன். நல்லா இருக்கில்ல? எனக்கே ஆச்சரியமா இருந்துது. அத அந்தப் பொண்ணு அவ கொரல்ல, தேன் தடவிச் சொல்லுவான்னு நெனச்சேன். அவ என்னடான்னா, இன்னைக்குக் காலையில என் கொரலயே அப்படியே போட்டுட்டா!

கொரல் கூடப் போகட்டும், துண்டு காப்பாத்தியிருக்கும். ஆனா நான் எப்பப் பேசினேன்? இவர் குளிக்கப் போன நேரமாப் பாத்து. வேற எப்ப எனக்கு வீட்ல தனியா நேரம் கெடைக்குது? ஞாபகம் வெச்சுக்கோன்னு சொன்னேனே... அதேதான்! என் கொரலுக்குப் பின்னாடி, ஊரு பூரா கேக்க, இவரோட பச்சத்தண்ணிப் பாட்டு! அதோட விட்டாளா? 'சகோதரி வீட்ல பின்னணி பாடின ஐயாவுக்கும் நம்ம நன்றி'ங்கிறா! தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. நான் புருஷன் வாயால கெட்டேன்.

அடுப்படியில உருளக்கெழங்கு உரிச்சுக்கிட்டே ஓரக்கண்ணால பாத்தேன். இவர் எழுந்திருச்சாரு. ரேடியோவ அணைச்சாரு. சட்டையப் போட்டாரு. ஒயரச் சுத்தி, பெட்டிய ஒரு துண்டுல மூடி, அதே துண்டும்மா, தூக்கிக்கிட்டாரு. என் பக்கம் திரும்பவே இல்ல. வாசப்படியில நின்னு, 'அந்தச் சகோதரிகிட்டச் சொல்லு, மத்தியானத்துக்கு ஒரு ஆளு சேத்து சமைக்கணும்'னாரு. போயிட்டாரு. அவருக்கும் போகணும்னுதான் இருந்திருக்கு. நானாப் போகல, ரேடியோ சொல்லித்தான் போனேன்னு சொல்லிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்துது, அவ்ளோதான். எனக்கு அழுக வந்துடுச்சு, ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு.

சமைச்சும் வெச்சுட்டேன், ஆறிக்கிட்டு இருக்கு. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்ட கதையாயிடுச்சு. ரேடியோவும் போச்சு, மனுஷனையும் காணோம். அங்க போயும் சண்டையா? தம்பி கதவே தெறக்கலையா? ஆபரேஷனுக்கு முன்னாடி இது முடிஞ்சாத்தான் உண்டு, அப்புறம் யாருக்கு என்னன்னு யார் கண்டா? காலையிலேருந்து வீடு எப்படியோ இருக்கும்மா. 'அத அணைச்சுத் தொலைங்க'ன்னு கத்துறதுக்குக்கூட ஒண்ணுமில்ல. நீ கதவத் தட்டினதும் அவர்னு நெனச்சு ஓடிவந்தேன். உன்னப் பாத்து மூஞ்சி சுருங்கிடுச்சு, தப்பா எடுத்துக்காத.

இரு... இரு! படியில சத்தம் கேக்குதா? அவர் செருப்புதான், தேச்சுத் தேச்சு நடப்பாரு. இன்னொரு செருப்பும்... கொழுந்தனார் கொரல்! பேசுறாங்க, ரெண்டு பேரும் பேசுறாங்கம்மா! கொஞ்சம் தள்ளு, எட்டிப் பாக்கிறேன். என்ன சொல்றாங்க?... 'அண்ணே, நீயே வெச்சுக்கோ.' 'முடியாதுடா, குடுத்தது குடுத்ததுதான்.' 'அப்பா உனக்குத்தான்ணே சொன்னாரு.' 'யார் சொன்னது? உனக்குத்தான்னாரு!' அடக் கடவுளே! அப்ப எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கிட்டாங்க, இப்ப உனக்கு உனக்குன்னு ஆரம்பிச்சுட்டாங்களே! பெட்டியப் படியில எறக்கி வெச்சுட்டு ரெண்டு பேரும் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதப் பாரு! தம்பி... வாங்க தம்பி! நீங்க அதத் தூக்காதீங்க, ஆபரேஷன் பண்ணப்போற வயிறு! ஏங்க, நீங்க தூக்குங்களேன், சாப்பாடு ஆறுது!

தூக்க மாட்டாரு. தூக்கினா இவருதுன்னு ஆயிடுமாம். இதத் தீத்து வெக்க நாளைக்கு என்ன சொல்லி அனுப்புறதுன்னு தெரியலையே. இந்தா, நீ பேசி அனுப்பிடேன்! உன் கொரல் இவருக்குப் பழக்கமில்ல. ஆனா ஒண்ணு, உன் வீட்டுக்காரர் குளிக்கிறப்ப பாடுவாரா?... ஏம்மா? எங்க ஓடுற? ஏம்மா!